மீனில் புழு குறைந்தால் கடலுக்கு நல்லதா?

மீனை அறுக்கும்போது வயிற்றுக்குள் ஒரு சின்ன வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் என்ன நடக்கும்? பெரும்பாலான வீடுகளில் மீன் அப்படியே குப்பைக்குப் போகும். விற்றவருக்கு இரண்டு வசவும் விழும். புழு என்றால் அழுகல், அழுகல் என்றால் நோய்... இதுதான் பொதுவாக எல்லோர் மனதிலும் இருக்கும் எண்ணம்.

உண்மையில் இரண்டும் வேறு வேறு. அழுகிய மீனில் நெளிவது ஈ முட்டையிட்டதால் வந்த புழு. அது மீன் செத்த பிறகு வருவது. குடலிலும் ஈரலிலும் சதையிலும் சுருண்டு கிடப்பது ஒட்டுண்ணி. மீன் கடலில் நீந்திக்கொண்டிருந்தபோதே அது மீனுக்குள் வாழ்ந்தது. சற்று முன் வலையிலிருந்து எடுத்த மீனிலும் அது இருக்கலாம்.

சரி, அப்படியானால் மீன்களில் இந்த ஒட்டுண்ணிகள் குறைந்துகொண்டே போனால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். இங்கேதான் சிக்கல். எந்த ஒட்டுண்ணி குறைந்தது, எது கூடியது என்று பார்க்காமல் சந்தோஷப்படுவது, லாப நஷ்டக் கணக்கில் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு கம்பெனி நன்றாக நடக்கிறது என்று சொல்வதற்குச் சமம். சில புழுக்கள் காணாமல் போவது கடலுக்கு நல்ல சேதியே அல்ல. அதை இந்தக் கட்டுரை கொஞ்சம் விரிவாகப் பார்க்கிறது.

ஒரு உடம்பில் பல குடித்தனங்கள்

ஒரு கடல் மீனின் உடம்பை, பல குடித்தனங்கள் இருக்கும் காம்பவுண்டு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். செவுளில் மோனோஜீனியா எனப்படும் மிகச் சிறிய தட்டைப்புழுக்கள் கொக்கி போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். தோலில் இறாலுக்குத் தூரத்து உறவான கோபிபாடுகள் பேன் மாதிரி பற்றிக்கொண்டிருக்கும். குடலில் நாடாப்புழு, முள்தலைப் புழு. ஈரலின் மேலும் சதைக்குள்ளும் உருளைப்புழுக்களின் இளம் பருவங்கள் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடக்கும். சைமோதோவா எக்சிகுவா என்ற உயிரி இன்னும் ஒரு படி மேலே போய், மீனின் வாய்க்குள் நுழைந்து நாக்கின் ரத்தத்தை உறிஞ்சும். நாக்கு தேய்ந்து போனதும் அந்த இடத்தில் தானே நாக்காக உட்கார்ந்துவிடும்!

ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரை ஓம்புயிரி என்பார்கள். ஓம்புயிரி எத்தனை தேவை என்பதை வைத்து ஒட்டுண்ணிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகைக்கு ஒரே ஒரு ஓம்புயிரி போதும். ஒரு மீனில் பிறந்து, தண்ணீரில் கொஞ்ச நேரம் நீந்தி, அடுத்த மீனில் ஒட்டிக்கொள்ளும். செவுள் தட்டைப்புழுவும் பல கோபிபாடுகளும் இந்த ரகம்.

இரண்டாவது வகையின் பயணம் நீளமானது. அனிசாகிஸ் என்ற உருளைப்புழுவை எடுத்துக்கொள்ளலாம். திமிங்கிலம் அல்லது டால்பினின் வயிற்றில் அது முட்டையிடும். முட்டை கழிவோடு கடலில் கலக்கும். அதிலிருந்து வரும் இளம்புழுவைக் கூனி இறால் போன்ற கிரில் தின்னும். கிரில்லைச் சின்ன மீன் தின்னும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். அந்த மீனை ஒரு திமிங்கிலமோ டால்பினோ தின்றால்தான் புழு முழு வளர்ச்சி அடைந்து மறுபடி முட்டையிட முடியும்.

மூன்று பேருந்து மாறிச் சொந்த ஊருக்குப் போகிறவரின் நிலைதான் இந்தப் புழுவுக்கும். நடுவில் ஒரு பேருந்து ஓடாவிட்டால் பயணம் அங்கேயே முடிந்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

எந்த மீனில் எந்தப் புழு? யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரே கடலில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரண்டு வகை மீன்களில் ஒட்டுண்ணிகள் வேறு வேறாக இருக்கும். இதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதல் காரணம் சாப்பாடு. பல ஓம்புயிரி தேவைப்படும் புழுக்கள் பெரும்பாலும் இரை வழியாகத்தான் உள்ளே வருகின்றன. பலவகை இரையைத் தின்னும் மீனுக்குப் பலவகைப் புழுக்கள் வரும். பாசியை மட்டும் மேயும் மீனுக்கு இந்த வரவு குறைவு. மீனின் குடலில் இருக்கும் புழுக்களின் பட்டியலைப் பார்த்தாலே அது என்ன தின்றது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இரண்டாவது வயதும் உடல் அளவும். பெரிய மீன் நிறையத் தின்னும், நீண்ட நாள் வாழும். சதையில் போய் உறையும் இளம்புழுக்கள் எளிதில் சாவதில்லை. சேமிப்புக் கணக்கில் பணம் சேர்வது போல வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். பெரிய மீனில் அதிகப் புழு இருப்பது அந்த மீன் நோஞ்சான் என்பதற்கு அடையாளம் ஆகாது. அது நீண்ட காலம் பிழைத்திருக்கிறது என்றுதான் பல நேரம் பொருள்.

மூன்றாவது கூட்டம். நேரடியாகப் பரவும் ஒட்டுண்ணிக்கு அடுத்த மீன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நெருக்கமாகத் திரியும் மீன்களில் அது சுலபமாகப் பரவும்.

நான்காவது இடமும் தண்ணீரின் வெப்பமும். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய கிளாஸ் ரோடே என்ற அறிவியலாளர் குளிர்க் கடல்களையும் வெப்பக் கடல்களையும் ஒப்பிட்டு, 1970களில் சுவையான ஒரு உண்மையைக் காட்டினார். ஒரு மீன் இனத்துக்கு எத்தனை வகை மோனோஜீனியா என்று கணக்கிட்டால், பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அந்த எண் கூடுகிறது. ஆனால் உள்ளே வாழும் தட்டைப்புழுக்களில் அப்படிப்பட்ட ஏற்றம் தெரியவில்லை. வெளியே ஒட்டுவதற்கு ஒரு சட்டம், உள்ளே வாழ்வதற்கு வேறு சட்டம்!

மாசும் இந்தப் பட்டியலில் உண்டு. கழிவு கலந்த நீரில் மீனின் எதிர்ப்புச் சக்தி குறைவதால், செவுளில் ஒட்டும் சில ஒருசெல் உயிரிகள் பெருகும். அதே நீரில் நத்தைகள் அழிந்துவிட்டால், நத்தையை நம்பி வாழும் தட்டைப்புழுக்கள் குறைந்துவிடும். ஒரே மாசு, இரண்டு நேர் எதிரான விளைவுகள். மொத்தப் புழுக்களை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, எதுவுமே நடக்காதது போலக் கணக்கு வரும். மொத்தத் தொகை எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

சாட்சி சொன்ன புழு

இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்து வேலை, உலக நடப்புக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1950களில் மூன்று நாடுகளின் வியாபாரத் தகராறில் புழுக்கள் சாட்சிக்கு வந்தன என்றால் நம்ப முடிகிறதா?

சாக்கை சால்மன் என்ற மீன் ஆறுகளிலும் ஏரிகளிலும் பிறந்து, வளர்ந்து, வட பசிபிக் கடலுக்குப் போகும். அங்கே அலாஸ்கா மீனும் ரஷ்யாவின் கம்சாத்கா மீனும் கலந்து மேயும். பிறகு பிறந்த ஆற்றுக்கே திரும்பும். நடுக்கடலில் ஜப்பானியக் கப்பல்கள் பிடிப்பது யார் ஊர் மீன் என்பதுதான் தகராறு. அமெரிக்கா, கனடா, ஜப்பான் மூன்றும் 1952ல் ஒப்பந்தம் போட்டு, மேற்குத் தீர்க்கரேகை 175 டிகிரியைத் தற்காலிகக் கோடாக வைத்தன. அதற்குக் கிழக்கே ஜப்பான் சால்மன் பிடிக்கக்கூடாது. ஆனால் மீனுக்குக் கோடு தெரியாதே!

கனடாவின் லியோ மார்கோலிஸ் மீனை அறுத்து விடை தேடினார். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாப் பக்கத்து ஏரிகளில் வளர்ந்த சால்மனின் சதையில் ஒரு வகை நாடாப்புழுவின் இளம் பருவம் இருந்தது. கம்சாத்கா பக்கத்தில் வளர்ந்தவற்றின் குடலில் ஒரு வகை உருளைப்புழு இருந்தது. இரண்டுமே நன்னீரில் இருந்தபோது தொற்றியவை. கடலுக்குப் போன பிறகும் பிறந்த ஊர் முத்திரை போல உடம்பிலேயே தங்கிவிட்டவை. எந்தப் பகுதியில் எந்த ஊர் மீன் திரிகிறது என்பதை இந்த முத்திரைகளை வைத்து அவர் வகைப்படுத்தினார். அந்த ஆய்வு 1963ல் வெளிவந்தது. இன்றும் மீன் கூட்டங்களைப் பிரித்தறிய ஒட்டுண்ணிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, புழு என்பது மீன் எங்கே இருந்தது, என்ன தின்றது, யாரோடு வாழ்ந்தது என்ற விவரம் எழுதப்பட்ட சீட்டு. அந்தச் சீட்டு கிழிந்தால் கடலைப் பற்றிய விவரமும் போய்விடும்.

இரண்டு தீவுகள்

பசிபிக் பெருங்கடலின் நடுவே லைன் தீவுகள் என்ற வரிசை உண்டு. அதில் பால்மைரா, அமெரிக்காவின் வனவிலங்குப் புகலிடம். அங்கே நிரந்தரக் குடிமக்கள் இல்லை, மீன்பிடியும் இல்லை. சுறாக்கள் தாராளம். அதே வரிசையில் உள்ள கிரிபாட்டி நாட்டின் கிரிட்டிமாட்டி தீவில் மக்கள் வாழ்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள்.

கெவின் லாஃபெர்ட்டியும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு தீவுகளிலும் 5 வகைப் பவளப்பாறை மீன்களை அறுத்துப் பார்த்து, 2008ல் முடிவை வெளியிட்டார்கள். மீன்பிடி இல்லாத பால்மைராவில்தான் ஒட்டுண்ணி வகைகள் அதிகம்! மனிதக் கை படாத, சுத்தமான கடல் என்று சொல்லப்படும் இடத்து மீனில்தான் அதிக வகைப் புழுக்கள் இருந்தன.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. கடல் நாடாப்புழுக்களில் பல வகைகள் சுறா, திருக்கை வயிற்றில்தான் முழு வளர்ச்சி அடையும். சுறா போனால் கடைசிப் பேருந்து நின்றுவிட்டது என்று அர்த்தம். செல்சி வுட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அதே லைன் தீவுகளில் அதிகத் தீவுகளைச் சேர்த்து ஆராய்ந்து, 2014ல் வெளியிட்ட முடிவும் இதையே சொன்னது. மீன்பிடி உள்ள தீவுகளில் ஒட்டுண்ணி வகைகள் குறைந்திருந்தன. பல ஓம்புயிரி தேவைப்படும் ஒட்டுண்ணிகள் குறையும் போக்கும், நேரடியாகப் பரவுபவை கூடும் போக்கும் அதில் தெரிந்தன.

ஜாடிக்குள் ஒரு நூற்றாண்டு

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஜாடியில் ஊறும் மீனுக்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரை ஒட்டி பியூஜெட் சவுண்ட் என்ற கடற்பகுதி இருக்கிறது. அங்கே பிடித்த மீன்களை வாஷிங்டன் பல்கலைக்கழகம் பல தலைமுறைகளாகப் பாடம் செய்து ஜாடிகளில் வைத்திருக்கிறது. வைத்தவர்கள் மீனுக்காகத்தான் வைத்தார்கள். உள்ளே இருந்த புழுக்களும் சேர்ந்தே பத்திரப்பட்டது அவர்கள் நினைத்துக்கூடப் பார்க்காத விஷயம்.

செல்சி வுட் குழுவினர் இந்த ஜாடிகளைத் திறந்தார்கள். 1880 முதல் 2019 வரை பிடிக்கப்பட்ட 8 வகை மீன்கள், மொத்தம் 699. அவற்றில் 85 வகை ஒட்டுண்ணிகள், 17,000க்கும் மேல். 2023ல் வெளியான முடிவு இதுதான். மூன்றோ அதற்கு மேலோ ஓம்புயிரிகள் தேவைப்படும் ஒட்டுண்ணிகள் பத்து ஆண்டுக்குச் சராசரியாக 10.9 சதவீதம் வீதம் குறைந்திருக்கின்றன. 1980க்குள் அடியோடு காணாமல் போன 10 வகைகளில் 9 வகைகள் இந்த நீண்ட பயணக்காரர்கள். ஒன்று அல்லது இரண்டு ஓம்புயிரிகளோடு முடித்துக்கொள்பவை பெரிய சரிவில்லாமல் தாக்குப்பிடித்தன.

காரணம் என்ன? ஓம்புயிரி மீன்களின் எண்ணிக்கை, மாசு, வெப்பம் மூன்றையும் சோதித்தார்கள். வெப்பம்தான் பொருந்தி வந்தது. கடல் மேற்பரப்பு 1 டிகிரி செல்சியஸ் சூடானால் இந்த வகை ஒட்டுண்ணிகள் 38 சதவீதம் குறைந்தன. அங்கே 1950க்கும் 2019க்கும் இடையில் வெப்பம் ஏறியதும் ஏறக்குறைய 1 டிகிரிதான்.

ஒரு பறவை இனம் பத்து ஆண்டுக்குப் பத்து சதவீதம் குறைந்தால் ஊரே பேசும். புழுவுக்கு யார் அழுவார்கள்? ஜாடிகள் இல்லாவிட்டால் இந்தச் சரிவு நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

ஏறிய கணக்கும் உண்டு

இதற்கு நேர்மாறான கணக்கும் இருக்கிறது. மேலே சொன்ன அனிசாகிஸ் புழுவைப் பற்றி உலகம் முழுவதும் வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2020ல் ஒரு முடிவு வந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து 2015 வரை மீன் உள்ளிட்ட கடல் உயிர்களில் இந்தப் புழு 283 மடங்கு கூடியிருக்கிறது! செய்தித்தாள்கள் சுஷி பிரியர்களைப் பயமுறுத்தின.

பயத்தில் நியாயம் உண்டு. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மீனைத் தின்றால் இந்தப் புழு மனித வயிற்றில் கடும் வலியைக் கிளப்பும். நன்றாகக் கொதித்த குழம்பில் புழு உயிரோடு இருக்காது. பச்சையாகத் தின்பதற்கான மீனை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் வழிகாட்டல். சிலருக்குச் செத்த புழுவும் ஒவ்வாமை தரும் என்பதையும் மறைக்கக்கூடாது.

ஆனால் 283 மடங்கு ஏன் கூடியது? ஆய்வாளர்கள் சொல்லும் சாத்தியங்களில் ஒன்று கடல் பாலூட்டிகள் மீண்டு வருவது. அமெரிக்கா 1972ல் அவற்றைக் காக்கச் சட்டம் போட்டது. வணிகத் திமிங்கில வேட்டைக்கு உலக அளவில் 1986 முதல் தடை வந்தது. திமிங்கிலம் திரும்பினால் அதன் புழுவும் திரும்பும்தானே? வெப்பமும் உரக் கழிவும்கூடக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். எப்படியோ, இந்தப் புழுவின் ஏற்றத்தை வெறும் நோய்ப் பரவல் என்று மட்டும் படிப்பது அவசரம்.

அப்படியானால் எல்லாப் புழுவும் நல்லதா?

கண்டிப்பாக இல்லை. சால்மன் பண்ணைகளைப் பாருங்கள். ஒரே கூண்டில் மீன்களை அடைத்து வளர்த்தால், நேரடியாகப் பரவும் கடல் பேனுக்குக் கொண்டாட்டம்தான். பண்ணையில் பெருகிய பேன், பக்கத்தில் நீந்திப்போகும் காட்டு சால்மன் குஞ்சுகளையும் கொல்கிறது.

நார்வே இதற்கு ஒரு கணக்கு முறை கொண்டுவந்தது. ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 வளர்ந்த பெண் பேனுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. காட்டு சால்மன் குஞ்சுகள் கடலுக்குப் போகும் வசந்த காலத்தில் 0.2 தான். 2017ல் கடற்கரையை 13 மண்டலமாகப் பிரித்து, பேனால் காட்டு சால்மனுக்கு ஏற்படும் ஆபத்தைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்தது. பச்சை என்றால் உற்பத்தியை 6 சதவீதம் கூட்டலாம். சிவப்பு என்றால் 6 சதவீதம் குறைக்கப்படலாம். 2020ல் சிவப்பு மண்டலங்களில் உற்பத்தித் திறன் உண்மையிலேயே குறைக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒட்டுண்ணி பணத்தைத் தின்றபோது அரசும் கம்பெனிகளும் அரைப் பேன் வரைக்கும் துல்லியமாக எண்ணக் கற்றுக்கொண்டன! கடலின் நலத்தைச் சொல்லும் ஒட்டுண்ணிகள் மறைந்தபோது எண்ணுவதற்கு ஆளில்லை. நஷ்டம் தரும் பக்கத்துக்கு மட்டும் பேரேடு, மறுபக்கத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இது சரியான கணக்கு அல்ல.

என்ன செய்யலாம்?

புழுவைக் காப்பாற்ற ஊர்வலம் போக வேண்டியதில்லை. மூன்று எளிய காரியங்கள் போதும்.

ஒன்று, மீன்வள ஆய்வுகளில் ஒட்டுண்ணிக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். மீனின் நீளம், எடை, வயது, வயிற்றில் இருந்த இரை எல்லாவற்றையும் குறிக்க மீனை ஏற்கெனவே அறுக்கிறார்கள். அதே மேசையில் அதே கத்தியோடு புழுக்களையும் பார்க்கலாம். எத்தனை என்பதோடு எந்த வகை என்றும் எழுத வேண்டும். அதற்குப் புழுவை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தப் படிப்பைப் பிழைப்புக்கு உதவாதது என்று ஒதுக்குகிற போக்கு மாற வேண்டும்.

இரண்டு, பழைய ஜாடிகளை இடத்தை அடைக்கும் குப்பை என்று நினைக்கக்கூடாது. அலமாரி வாடகையும் திரவச் செலவும் கண்ணுக்குத் தெரியும். நூறு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் கேட்கப் போகும் கேள்வி தெரியாது. 1880ல் மீனை ஜாடியில் போட்டவருக்கு 2023ன் கேள்வி தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

மூன்று, உயிரினப் பாதுகாப்பு என்று பேசும்போது ஒட்டுண்ணிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020ல் அறிவியலாளர்கள் சிலர் 12 இலக்குகளோடு உலக ஒட்டுண்ணிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை முன்வைத்தார்கள். மனிதனுக்கும் வளர்ப்பு விலங்குக்கும் நோய் தருபவற்றைக் காக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. மற்றவற்றைப் பெயர்கூடத் தெரியாமல் இழக்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

பசியோடு கரைக்கு வரும் மீனவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. புழு உள்ள மீனுக்கு விலை குறையும் என்பதும் உண்மை. ஆனால் கிரில், சின்ன மீன், பெரிய மீன், சுறா என்ற சங்கிலி அறுந்தால் முதலில் காலியாவது அவருடைய வலைதான். அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போகிறது என்று காட்டக்கூடிய உயிர்களில் ஒன்று, சங்கிலி முழுவதையும் நம்பி வாழும் இந்த அற்பப் புழு. சங்கிலி முழுசாக இருந்தால்தான் அது பிழைக்கும். அது பிழைத்திருந்தால் சங்கிலியும் பெரும்பாலும் முழுசாக இருக்கிறது என்று நம்பலாம்.

வரவு செலவு பார்க்கிற எவரும் பிடிக்காத பதிவைக் கிழித்துப் போட மாட்டார்கள். கடலின் பேரேட்டில் புழு ஒரு அருவருப்பான பதிவுதான். இருந்தாலும் அதைப் படிக்காமல் யாராலும் அந்தக் கணக்கை முடிக்க முடியாது!